ரெண்டு பட்டன்

திருவிடந்தைப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் ஜான்சன் எலெக்ட்ரீஷியன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவனும், டிரைவர் மோசஸும், சமையலறை பிரவின்குமாரும், சலவை அறையைப் பார்த்துக்கொள்ளும் விஜயகுமாரியும் போக்கர் ஆடுவார்கள். காசு கிடையாது. விருந்தினர் துணிகளிலிருந்து உதிர்ந்த பட்டன்கள்தான் பந்தயம்.

ஜான்சன் சீட்டைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பான். நல்ல சீட்டு வந்தால் மோசஸ், மற்றவர்கள் பயந்து விலகிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு பட்டனாக நகர்த்துவார். பிரவின்குமார் ஒன்றுமில்லாமல் மிரட்டும்போது ஒரே அள்ளாக அள்ளிப் போடுவான். இதை வைத்தே ஜான்சன் ஜெயித்துக்கொண்டிருந்தான். ஜெயித்த விதத்தைச் சொல்லாமல் இருக்க மட்டும் அவனால் முடியவில்லை.

"அண்ணாத்த, நல்ல சீட்டுன்னா நீ ஒவ்வொண்ணா வைக்கிற. பிரவினு பொய்யின்னா அள்ளிப் போடுறான். கண்ண மூடிகினு சொல்லுவேன்."

விஜயகுமாரியிடம்தான் பாச்சா பலிக்கவில்லை. எந்தச் சீட்டு வந்தாலும் அவர் வைப்பது இரண்டே பட்டன்.

"அது இன்னாக்கா கணக்கு?"

"கணக்கு இன்னாத்துக்கு? யோசிச்சா தல வலிக்குது."

மறுவாரம் மோசஸும் பிரவினும் இரண்டிரண்டாக வைக்க ஆரம்பித்தார்கள். ஜான்சனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தோற்றுக்கொண்டே வந்தான்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? ஆளாளுக்கு ரெண்டு ரெண்டா வச்சுகினு" என்று எரிந்து விழுந்தான்.

"நீதானப்பா சொல்லிக் குடுத்த" என்றார் மோசஸ்.

கோபித்துக்கொண்டு சில நாள் ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்து பார்த்தான். பொழுது போகவில்லை. திரும்பி வந்தான். அன்று அவன் கையில் மூன்று ராணி சேர்ந்தது; லேசில் தோற்காத சீட்டு. மற்ற இருவரும் விலகிவிட்டார்கள். திடீரென்று விஜயகுமாரி தன் பட்டன் டப்பாவையே நடுவில் தள்ளினார்.

ஜான்சன் அவர் முகத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. இரண்டுக்கு மேல் வைக்காதவர் எல்லாவற்றையும் வைக்கிறார் என்றால் பெரிய சீட்டாகத்தான் இருக்கும். ராணிகளைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொண்டான்.

"காட்டுக்கா."

"நீ ஆடியிருந்தா காட்டியிருப்பேன். உட்டுட்டியே." சீட்டைக் கட்டோடு கலந்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் அவர் இருக்கையைத் தேடிப் போனான்.

"இன்னாக்கா இருந்துச்சு உங்கிட்ட?"

"எப்போ?"

"மத்தியானம். டப்பாவையே தள்ளுனியே."

"அதுவா? மிஷின் நின்னுபோச்சு, துணி எடுக்கணும். சீக்கிரம் முடியட்டும்னு தள்ளுனேன். சீட்டு மறந்துபோச்சுப்பா."

அது உண்மையா பொய்யா என்றும் அவனுக்குப் புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். ஜான்சன் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்போரூர் வரை நின்றபடியே போனான்.