மச்சானுக்குப் பாதி மாத்திரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேப்பரில் ஒரு செய்தி. மூட்டுவலிக்கு ஊர் உலகமெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்று, தயாரித்த கம்பெனியே அதைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறதாம். நான் படித்து முடிப்பதற்குள் வாசலில் மாடி வீட்டு ஸ்டெல்லா. கையில் பிஸ்கட் டின்.

திருவொற்றியூரில் என் தலைக்கு மேலே பன்னிரண்டு வருஷமாகக் குடியிருப்பவள். புருஷன் அந்தோணிக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டும் வேலை. ரெண்டு மாடி உயரத்துக்கு இரும்பு ஏணியில் ஏறி, ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே நடப்பவர்கள் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பை நகர்த்துகிற வேலை. கொஞ்சம் அசந்தால்... வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

"அக்கா, டீவீல இன்னாமோ மாத்திர கெட்டதுன்னு சொல்றாங்களே. நம்ம டின்னுல அது கீதான்னு பாரேன்" என்று ஊஞ்சல் மேல் கொட்டினாள்.

என்னைப் பேங்க்கில் வேலை பார்ப்பவள் என்று மட்டும்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது ஸ்டெல்லாவின் நம்பிக்கை. வருத்தமான விஷயம் என்னவென்றால், அது என் நம்பிக்கையும்கூட.

டின்னில் என்ன இல்லை? எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து. அடியில் கெட்டியாகிப்போன காய்ச்சல் சிரப். பெயரே இல்லாமல், கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டுகள். எது எதற்கு என்று கேட்டால், "ரோஸ் கலரு தலவலிக்கு, வெள்ள ஒடம்பு வலிக்கு" என்கிறாள். வெள்ளையில் நாலு வகை இருந்தது.

உங்கள் வீட்டு டின்னையும் ஒருமுறை கொட்டிப் பாருங்களேன். அட்டையைப் பிரிக்கும்போது பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள். கடைக்காரர் ரெண்டு மாத்திரை நறுக்கிக் கொடுத்தால், கவர் மேல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். முறைப்பார், முறைக்கட்டும். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்துக்கு விடை கொடுங்கள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியும் பாத்ரூமும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். அதுவும் நம் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் உப்பே தண்ணீராகிறது, மாத்திரை என்ன செய்யும்?

பேப்பரில் வந்த மாத்திரை அந்த டின்னில் இல்லை. நிம்மதியாக மூடப் போனபோதுதான் கவனித்தேன். பெயரோடு ஒழுங்காக இருந்தது ஒரே ஒரு மாத்திரை — அந்தோணிக்கு ஃபேக்டரி டிஸ்பென்சரியில் கொடுக்கிற பி.பி. மாத்திரை. சீட்டில் தினம் ரெண்டு என்று எழுதியிருக்கிறது. மாதம் பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. இருக்கவேண்டியதில் பாதிதான் இருக்கிறது.

"மீதி எங்கே?"

"எந்தம்பி வூட்ல கீது."

ஸ்டெல்லாவின் தம்பி சேவியர். காசிமேட்டில் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் மருத்துவ முகாமில் அவருக்கும் பி.பி. என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு டிஸ்பென்சரி ஏது? அந்தோணிதான் சொன்னாராம், "ஒரே பி.பி. தானே மச்சான், ஃப்ரீயாத்தான் தரான், ஆளுக்குப் பாதி." கரைக்கு வந்த மீனைப் பங்கு பிரிக்கிற மாதிரி, மாதம் பிறந்ததும் பாதி மாத்திரை காசிமேட்டுக்கு. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஆரம்பத்தில் தினம் ஒன்று. ஆளுக்கு அரை. அந்தோணிக்கு பி.பி. குறையவில்லை. டாக்டர் ரெண்டாக்கினார். ஆளுக்கு ஒன்று. அப்போதும் சரிப்படவில்லை. கடைசியாகப் போனபோது பவரையும் ஏற்றிவிட்டார்.

இந்த அன்பைப் பார்த்து எனக்கு நெகிழ்ந்ததா? நெகிழ்ந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? உட்காரவைத்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மருந்தைப் பங்கு போடக் கூடாது. சீட்டில் எழுதியபடி முழுசாகப் போட வேண்டும். தம்பியை நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு, அங்கேயும் இலவசம்தான். ஸ்டெல்லா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எழுந்து போனபோது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தாள். டின் இல்லை. முகம் சுண்டியிருந்தது.

"அவரு ஏணில பாதி ஏறச்சொல்லோ கண்ணு இருட்டிக்கிச்சாம்க்கா. பின்னால ஏறுன ஆளு இடுப்பப் புட்சிக்கினான். இல்லாங்காட்டி..."

காசிமேட்டுப் பங்கைத் திரும்ப வாங்கிவந்து, திங்கட்கிழமையிலிருந்து அந்தோணி சீட்டில் உள்ளபடி ரெண்டு மாத்திரையும் முழுசாகப் போட்டிருக்கிறார். நான் சொன்னதால்.

என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. பாதி மாத்திரை சாப்பிடுகிற உடம்பைப் பார்த்து, முழுசு சாப்பிடுகிறது என்று நம்பி, டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஏற்றிய அந்த அளவை நான் ஒரே நாளில் அந்த மனுஷன் வாயில் போட்டுவிட்டேன்.

"டாக்டர்கிட்டே உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன், மாடிக்குப் போய்.

அந்தோணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா, கம்பெனி மாத்திரய வெளிய குட்த்தேன்னு தெரிஞ்சா மெமோ குடுப்பான். மயக்கம்னு எழுதுனா கிரேன்லேர்ந்து எறக்கிருவான். இருவது வருசம் மேல குந்திக்கினு இருந்தவன் நானு. கீழ நின்னு இன்னா பண்ணுவேன்?"

"மேலே போய் மறுபடி கண் இருட்டினா?" என்று மட்டும் கேட்டேன். "நீயும் வரியா?" என்றார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஃபேக்டரி கேட்டை ஒட்டியே டிஸ்பென்சரி. அந்தோணி, ஸ்டெல்லா, நான். டாக்டரம்மா சின்ன வயசு, கறாரான முகம். அந்தோணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "நான் சொன்ன யோசனையும் இதில் உண்டு டாக்டர்" என்று நானும் குற்றவாளிக் கூண்டில் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டினார். எல்லாம் அவர் கையெழுத்து. ஒன்று, ரெண்டு, பவர் கூட.

"இவ்வளவு நாளா நான் உங்க ஒருத்தருக்கு வைத்தியம் பார்க்கறதா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு கேட்டார், "அந்த இன்னொருத்தர் எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் கீறான் டாக்டரம்மா" என்றாள் ஸ்டெல்லா. "கொஞ்ச நாளா இழுப்பு மட்டும் வருது. டீசல் பொகைன்னு சொல்லிக்கினுகீறான்."

பேனா நின்றது. "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

சேவியர் லுங்கியை மாற்றிக்கொண்டு வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆனது. கம்பெனி ஆள் இல்லைதான். ஆனாலும் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். மூச்சிழுப்பு இருக்கிறவருக்கு இந்த வகை மாத்திரை ஆகாதாம். மச்சானுக்கு நல்லதாக இருந்தது இவருக்கு மூச்சை அடைத்திருக்கிறது. சரி, இவர் பங்கைத்தான் ஞாயிற்றுக்கிழமையே நான் நிறுத்திவிட்டேனே என்று நிமிர்ந்தேன். என் பக்கம் திரும்பினார். "இதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது மேடம். சில பேருக்கு பி.பி. எகிறிடும். எப்படி நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும்." ஒரே பிரசங்கத்தில் ரெண்டு பேரையும் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சேவியருக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். அந்தோணிக்கு அளவு குறைந்தது. ரெண்டு வாரம் தரையில் வேலை, பிறகு செக்கப். மெமோ? அதைப் பற்றி டாக்டரம்மா ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த ரெண்டு வாரமும் மாடியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அந்தோணி வேலையிலிருந்து வந்ததும் படுத்துவிடுவார். நானும் படிக்கட்டில் அவரைப் பார்த்தால் ஏதோ மறந்த மாதிரி வீட்டுக்குள் போய்விடுவேன்.

இந்த வாரம் செக்கப் முடிந்தது. பவர் கூட்டிய மாத்திரை தினம் ஒரே ஒன்று, பி.பி. ஒழுங்காக இருக்கிறது. ஒரே ஒரு மாத்திரை! என் பிரசங்கத்துக்கு முன்னால் அவர் போட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணி மறுபடி ஏணி ஏறினார். சேவியருக்கு வேறு மாத்திரை. இழுப்பு அடங்கி, படகில் பாட்டு வேறு பாடுகிறாராம். "அத்தத்தான் தாங்க முடியல" என்கிறாள் ஸ்டெல்லா. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சேவியரிடமிருந்து ஒரு கிலோ வஞ்சிரம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மாத்திரையைத் தவறவிட்டிருந்தால், குறைத்திருந்தால், யாருக்காவது கொடுத்திருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். என்னை மாதிரிப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

டாக்டரம்மா இப்போது வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் கேட்பது தலைவலியா, மயக்கமா என்று இல்லையாம். "இந்த மாத்திரையை வீட்டில் யார் யார் சாப்பிடறீங்க?"

செக்கப்புக்குப் போன அன்றைக்கு வரிசையில் நின்ற பாதிப் பேர் தலையைச் சொறிந்தார்கள் என்கிறார் அந்தோணி.