சுவரில்லாத கீழ்த்தளம்

கட்டடம் வரைகிறவனுக்கு வெயிலும் மழையும் கடலின் உப்புக்காற்றும் பழகிவிடும்; கட்டி முடித்த பிறகு வருகிற கமிட்டி மட்டும் எத்தனை வருடமானாலும் பழகாது. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கீழே வரும் சம்பவங்களில் ஒன்று உண்மையில் நடந்ததா என்று எனக்குக் கொஞ்சக் காலமாகச் சந்தேகம். நான் நேரில் பார்த்ததல்ல, நான் வரைந்த ஒரு மண்டபத்தைக் காவல் காக்கும் வாச்சர் சொல்லிக் கேட்டது. சந்தேகம் வரும்வரை அதைப் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

முடிந்ததா, முடியவில்லையா?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓர் ஊர்ச்சங்கத்துக்கு மண்டபம் வரைந்து கொடுத்தேன். மேல்மாடியில் மண்டபம். கீழ்த்தளத்தில் தூண்களும் படிக்கட்டும் மட்டும். சுவரே இல்லை. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். பஸ்ஸால் இறங்கி நடப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்கலாம், தூண்களின் அடியில் கட்டிய சீமெந்து இருக்கைகளில் சற்று இருக்கலாம்.

யுத்தம் நடந்த என் இருபதுகளில் இந்த நகரத்தில் ஓரிடத்தில் சும்மா நின்றால் யாராவது வந்து அடையாள அட்டை கேட்பார்கள். நீ யார், எங்கே போகிறாய் என்று எவரும் கேட்காத ஒரு நிழல் இந்த ஒழுங்கையிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் கமிட்டிக்கு நான் அதைச் சொல்லவில்லை. வரைபடத்தில் அந்த இடத்துக்கு ‘வாகனத் தரிப்பிடம்’ என்று பெயர் எழுதினேன். அப்படி எழுதினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நினைத்ததையே எழுதியிருக்கலாமோ என்று இன்றும் யோசிப்பதுண்டு.

திறப்புவிழா அன்று சங்கத் தலைவர் கனகசபை, ஓய்வுபெற்ற என்ஜினியர், கீழ்த்தளத்தைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “தம்பி, மேல் வேலை நல்லா முடிஞ்சுது. கீழ் வேலை எப்ப தொடங்கப் போறீர்?”

உபயம்

எங்கள் ஆட்கள் ஒரு பொதுக் கட்டடத்துக்கு எதைக் கொடுத்தாலும் அதில் ‘உபயம்’ என்று பெயர் வரவேண்டும். படியில் வந்தது, கதிரையின் முதுகில் வந்தது, தண்ணீர்த் தாங்கியில் வந்தது. மின்விசிறியின் இறக்கையில் எழுதிய பெயர் சுழலும்போது வாசிக்க முடியவில்லை என்று ஒரு குடும்பம் குறைப்பட, அந்த விசிறியை மட்டும் போடுவதை நிறுத்தினார்கள். அதன் கீழே இருந்தவர்கள் விசிறிக்கொள்ள நிகழ்ச்சி நிரலைப் பாவித்தார்கள்.

பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு மார்பிள் கல். மார்பிள் கல்லுக்குச் சுவர் வேண்டும். மேலே காற்றுக்காக நான்கு பக்கமும் ஜன்னல் வைத்திருந்தேன், கீழே சுவரே இல்லை. கற்கள் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்த பணத்தில் வெட்டப்பட்டு, கடதாசி சுற்றி, படிக்கட்டின் கீழே அடுக்கப்பட்டுக் கிடந்தன. கனடாவிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் தகப்பனின் பெயர் வெட்டிய கல்லை அந்த அடுக்குக்குள் தேடி எடுத்து, சேலைத் தலைப்பால் தூசு துடைத்தார். ஊரில் அவர்களுடைய வீடு அத்திவாரம்கூட இல்லாமல் போய்விட்டது என்று தலைவர் என் காதுக்குள் சொன்னார். அந்தப் பெயருக்கு இனி இந்த உலகத்தில் இருக்கப்போவது அந்தக் கல் மட்டும்தான். எனக்கு எரிச்சலும் வந்தது, எரிச்சல் வந்ததற்காக வெட்கமும் வந்தது. அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்: “இவ்வளவு பெரிய கட்டடம் கட்டினீங்கள், எங்கட அப்பாவைக் கொழுவ ஒரு சுவர் விடேல்லையே தம்பி?”

பச்சைக் கேற்

ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது முன்தூண்களுக்கு இடையில் ஒரு பச்சை இரும்புக் கேற் நின்றது. மற்ற மூன்று பக்கமும் ஆளுயரத்துக்குக் கம்பி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைவரைத் தேடிப் பிடித்தேன்.

“ஏன் ஐயா இது?”

“ஆக்கள் வந்து நிக்கினம் தம்பி.”

“நிக்கிறதுக்குத்தானே ஐயா அந்த இடம்!”

“வாகனம் நிக்கிறதுக்கெண்டெல்லோ நீர் கீறித் தந்தனீர்?”

அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் தொடர்ந்தார்: “நிக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா நிக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியவேணுமெல்லே!”

சிலிண்டர் வரிசை

அந்தோனியண்ணைக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து மண்டபத்தைக் காவல் காப்பவர். நான் எப்போது போனாலும் பால் விடாத பிளேன்ரீயோடு ஒரு கதையும் தருவார். காஸ் தட்டுப்பாட்டு நாட்கள் முடிந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவர் தந்த கதை இது.

காலி வீதிக் கடையில் தொடங்கிய சிலிண்டர் வரிசை வளைந்து எங்கள் ஒழுங்கைக்குள் வந்திருந்ததாம். பின்னேரம் மழை கொட்டத் தொடங்க, வரிசை அப்படியே மண்டபத்தின் கீழே வந்துவிட்டதாம். ஒருவருடைய இடமும் மாறவில்லை. சிலிண்டர்கள் தூணுக்குத் தூண் ஒழுங்காக நின்றன, ஆட்கள் என் சீமெந்து இருக்கைகளில் இருந்தார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லோரும். யாரோ பிள்ளைக்குப் பால் கரைத்தார்கள், யாரோ சீட்டு விளையாடினார்கள். பாமன்கடையிலிருந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த ஒரு சிங்கள மனுசி தூணில் சாய்ந்துகொண்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்டாராம்.

“எங்கட சேர் எண்டு சொன்னன். ‘மேக்க ஹதப்பு மாத்தயாட்ட பிங்’ எண்டவ. இதைக் கட்டின ஐயாவுக்குப் புண்ணியமாம், சேர்!”

கைதட்டுக்குப் பிறகு ஒரு கேள்வி

புண்ணியம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கட்டடக்கலையும் பொதுமக்களும் என்று எங்கே கூட்டம் வைத்தாலும் அந்த மனுசியையும் கதையாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சுவரை வைக்காமல் விடுவதும் ஒரு பொதுச்சேவைதான் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

ஒரு கூட்டத்தில், கட்டடக்கலை படிக்கும் ஒரு பிள்ளை எழும்பினாள். வீடு அதே ஒழுங்கையில் என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் கூட வலித்தது. அதன் பிறகு அந்தோனியண்ணையின் மற்றக் கதைகளையும் யோசித்துப் பார்த்தேன். கனடா அம்மாவிடம், உங்கள் அப்பாவின் பெயரை வாசித்துவிட்டுத்தான் எல்லோரும் படியேறுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். கல் அப்போதும் கடதாசிக்குள்தான் கிடந்தது. எவருக்கு எது இனிக்குமோ அதைக் கொடுக்கிற மனிதர். எனக்கும் அப்படித்தான் ஒன்று கிடைத்ததோ? அந்தப் பிள்ளை கேட்டது இவ்வளவுதான்: “சேர், கேற் அதுக்கு முதலே போட்டாச்சே. அது திறந்து நாங்கள் ஒருநாளும் காணேல்லை, அப்ப அந்த ஆக்கள் எப்பிடி உள்ள வந்தவை?”

தீர்மானம்

போன மாதம் கமிட்டி கூடியது. கீழ்த்தளத்தை நான்கு பக்கமும் சுவர் எழுப்பி மூடி, ஏசி போட்டு, சாமத்தியவீடு, பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது. உள்சுவரில் கற்களைப் பதிப்பது. என் வாழ்க்கையில் நான் மக்களுக்கென்று செய்த ஒரே இடம் அது. மற்றதெல்லாம் ஃபிளாட், ஃபிளாட், ஃபிளாட். பேச அனுமதி கேட்டுப் போனேன். கையில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சிலிண்டர் வரிசை. சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு எழும்பினேன்.

“காஸ் தட்டுப்பாட்டு நாட்களிலே, மழைக்குள்ள, இந்தக் கீழ்த்தளத்திலதான் அவ்வளவு சனமும்...”

“நில்லும் தம்பி,” என்றார் தலைவர். “அந்த நாளில கேற்றைத் திறக்கக் கூடாதெண்டு ஓடர் போட்டதே நான்தான். திறந்தால் அண்டையோட வேலை போச்சு எண்டும் சொன்னனான். என்ன அந்தோனி, திறந்ததோ?”

அந்தோனியண்ணை அப்போது கமிட்டிக்குப் பிளேன்ரீ கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டு ஆடவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. “இல்லை சேர், பூட்டித்தான் கிடந்தது” என்றார்.

யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க நான் உறுப்பினர்கூட இல்லை. கூட்டம் கலையும்போது தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது அன்பு: “சுவர் வேலையை நீரே கீறித் தாரும். உபயமாத் தந்தீரெண்டால் உம்மட பேரையும் ஒரு கல்லில போட்டுவிடுறம்.”

வாசலில்

படியிறங்கும்போது கோபம் கண்ணை மறைத்தது. ஒரு வாச்சரின் பொய்யை இவ்வளவு காலம் தோளில் சுமந்திருக்கிறேன்! அந்தோனியண்ணை பின்னாலேயே வந்தார். என்னைத் தாண்டிக் கேற்றடிக்கு முதலில் போய், சட்டைக்குள் கைவிட்டு, கழுத்துச் செபமாலையோடு கோர்த்திருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். நான் வெளியே போகும்வரை கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் இரண்டு பேத்திகள் அவருடைய சம்பளத்தில் படிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த மனுசி என்ன சொன்னாள், எந்தத் தூணில் சாய்ந்தாள், எத்தனை பேர் இருந்தார்கள் என்றெல்லாம் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எல்லாம் என்னைப் பற்றிய கேள்விகள். எல்லோருக்கும் திறந்த கட்டடம் என்று முப்பது வருடம் மேடையில் முழங்கியவன், கேற்றுக்கு வெளியே நடைபாதையில் நின்று, மேலே கேட்காத குரலில், கடைசியில் ஒரு பூட்டைப் பற்றித்தான் கேட்கவேண்டியிருந்தது: “அண்ணை, அண்டைக்கும் இந்தத் திறப்பு உங்கட கழுத்திலதானே கிடந்தது?”