தலைமாட்டுக் கத்தி

என் மூத்த மகளைக் கொண்டுபோக வந்தவர்களுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து சுகம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்த மடைச்சி நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்த புதிது. டோர்செட் பார்க்கில் ஆறாம் மாடியில் ஒற்றை அறை வீடு. மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஆறு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியால் வந்த மூத்தவள் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். தட்டித் திறக்கவைத்துப் பார்த்தால், பெரியபிள்ளையாகிவிட்டாள்.

எனக்கு என் அம்மா என்ன செய்தாவோ அதையே நானும் செய்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? இருந்த ஒரே அறையை அவளுக்கு விட்டோம். நாங்கள் மூன்று பேரும் ஹோலில் படுத்தோம். பாய், தட்டு, கோப்பை எல்லாம் அவளுக்குத் தனி. தகப்பன் பார்க்கக் கூடாது. தங்கச்சி தொடக் கூடாது. இரும்பு பக்கத்தில் இருந்தால் பேய் பிசாசு அண்டாது என்பதால், மரக்கறி வெட்டும் கத்தியைத் தலைமாட்டில் வைத்தேன். விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? சீனக் கடையில் எள்ளெண்ணெய் வாங்கினேன். அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறவர்கள் என்று எனக்குத் தெரியாது. கறுப்பாக, தீய்ந்த மணத்தோடு இருந்தது. அவள் பல்லை இறுக்கினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன்.

திங்கட்கிழமை என் கணவர் பள்ளிக்கு ஃபோன் அடித்து, மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னார். அடுத்த நாள் சின்னவளிடம் அவளுடைய ஆசிரியை அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டிருக்கிறாள். "அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. அறைக்குள்ளே வைத்திருக்கிறோம். யாரும் பார்க்கக் கூடாது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மூக்கைப் பிடித்து ஊற்றியது, கத்தி, ஒன்றும் விடவில்லை.

அன்று பின்னேரமே வந்துவிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். கூடவே ஃபைலோடு ஒரு இளைஞன். பிள்ளைகளைப் பாதுகாக்கும் அலுவலகமாம். யாரிடமிருந்து பாதுகாக்க? எனக்கு விளங்கவில்லை. மகள் எங்கே என்றாள். காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அறைக் கதவைத் திறந்தாள்.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தோம். தரையில் பாய். மூலையில் கழுவாத தட்டு. பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் கத்தி. எனக்கே திக்கென்றது.

நடப்பது என்ன என்று சொல்லாவிட்டால் பிள்ளையை இன்றைக்கே வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்போம் என்றாள். அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கியது. வேலையிடத்துக்கு அடித்துக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர்கள் இரண்டு பேரும் அசையாமல் சோபாவில் இருந்தார்கள்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்று வாசலிலேயே கேட்டார்.

"பிள்ளையைக் கொண்டு போகப் போகினமாம்."

"என்னத்துக்கு?"

"நீங்கள் சொன்ன காய்ச்சலுக்கு. இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே இங்கிலீஸ் வரும்."

"உந்த விசயத்தை நான் எப்பிடிச் சொல்லுறது? நீர் சொல்லும்."

"உங்கட வெக்கம் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

அவர் கார்பெட்டைப் பார்த்தபடி, இது எங்கள் சமயம் என்று மட்டும் சொன்னார். அந்த இளைஞன் அதை எழுதினான். கத்தியை வைத்துக்கொண்டு சமயம் என்றால் எப்படி இருக்கும்? அந்தப் பெண்ணின் முகம் இன்னும் இறுகியது.

எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் போய்விட்டது. தெரிந்த நாலு சொல்லை வைத்து நானே சொன்னேன். இரத்தம். முதல் தரம். பெரிய பெண். எங்கள் வழக்கம். இளைஞனின் காது சிவந்தது, எழுதுவதை நிறுத்தினான். அந்தப் பெண் என்னையே பார்த்தாள்.

"இது உன் மகளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"தனக்கு என்ன நடந்திருக்கிறது என்று."

மகளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என்னிடமும் யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணித்தியாலம் என் வீட்டிலேயே நான் வெளியே நின்றேன். திரும்பி வந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தனக்கு வந்திருப்பது சாகும் வருத்தம் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். வெளியே வந்தால் தங்கச்சிக்கும் தொற்றிவிடுமாம். அதுதான் நாலு நாளாக வெளியே வரவில்லை.

"நான் கதவைப் பூட்டவில்லை!" என்று கத்தினேன்.

"பூட்டத் தேவை இருக்கவில்லை" என்றாள்.

கொண்டுபோகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை பிள்ளை பள்ளியில் நிற்க வேண்டும், தாங்கள் மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இரண்டு தரம் வந்து, ஃபைலை மூடினார்கள்.

அடுத்த நாள் விடியவே என் கணவர் தொடங்கினார்.

"தீட்டுக் கழியத் தண்ணி வார்க்காமல் எப்பிடி வெளியில விடுறது? சனிக்கிழமை என்ர அக்கா வந்து வார்ப்பா எண்டுதானே சொன்னனாங்கள்."

"உங்கட அக்கா வரும்வரைக்கும் இவள் இஞ்ச இருப்பாளோ? தள்ளுங்கோ."

நானே குழாயைத் திறந்து தலைக்கு வார்த்தேன். மஞ்சளும் இல்லை, பாலும் இல்லை. சோப்புப் போட்டபடி, "இது வருத்தமில்லை, எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் வாறது" என்றேன்.

"தெரியும் அம்மா. அந்த அன்ரி படம் கீறிக் காட்டினவ."

உடுப்பு மாற்றியதும் பாய்க்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தாள். ஃபைலில் இருந்து கிழித்த தாள். பேனையால் கீறிய படம். முப்பத்துநாலு வயதில், இரண்டு பிள்ளை பெற்றபின், என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வீட்டைச் சந்தி சிரிக்க வைக்க வந்தவள் கீறியது. அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மூத்தவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். சின்னவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். மூத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பிடியடி!" என்று கத்தினேன். "பிடிச்சுக்கொண்டு போ!"