எளப்பு என்ற சொல்லும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அக்காவிடம் யார் எதைச் சொன்னாலும், "அப்படின்னா என்னங்க?" என்று இன்னொரு முறை கேட்பார். காது மந்தம் என்று நினைத்தவர்களும் உண்டு. காரணத்தை அக்கா இருந்தவரை நான் வெளியில் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது வேலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நான் பிறந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு அந்தமானின் போர்ட் பிளேயரில் கிளார்க் வேலை கிடைத்ததும் மூவரும் கப்பலேறி வந்தோம். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் என்னை வளர்த்தது அக்காதான். குழாயடியில் வங்காளி, தெலுங்குப் பிள்ளைகளோடு நின்றே இந்தி பழகினார். அப்பாவுக்குத் தம் தமிழைப் பற்றிப் பெருமை அதிகம். அக்கம்பக்கத்துத் தென்மாவட்டத்தார் பேசுவதைக் கேட்டால், "கொச்சை, காதுல வாங்காதீங்க" என்பார். நாங்களும் அவர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

அப்பா காலமான பிறகு ரங்கத் என்ற ஊரில் ஒரு மருந்தகத்தில் அக்காவுக்கு ஆயா வேலை கிடைத்தது; இருவரும் அங்கே குடிபோனோம். டாக்டரும் கம்பவுண்டரும் வங்காளிகள். தமிழர்கள் சொல்வதை இந்தியில் எடுத்துச் சொல்வதும் அக்காவின் வேலையாயிற்று.

டாக்டர் பாராடாங் தீவில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்த ஒரு காலையில், சாலை வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பெண் இசக்கியம்மாள் தம் ஒன்றரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா எளப்பா இருக்கும்மா. பாலே குடிக்க மாட்டேங்கான்."

அக்காவுக்குத் தெரிந்த தமிழில் இளைப்பது என்றால் மெலிவது. "பச்சா துப்லா ஹோ கயா" என்றார், பிள்ளை மெலிந்துவிட்டான் என்று. கம்பவுண்டர் டானிக் ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் இசக்கியம்மாள் தனியாக வந்து புட்டியை மேசைமேல் வைத்தார்.

"வேற பிள்ளைக்கு ஆகும்மா. அவன் மூச்சு வாங்கியே போயிட்டான்."

"மூச்சு வாங்குதுன்னு நீங்க சொல்லலியே?"

"எளப்புன்னு சொன்னேனே தாயி. எங்கூர்ல அதத்தான எளப்புன்னு சொல்லுவோம்."

டாக்டர் திரும்பியதும் அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முதலிலேயே தெரிந்திருந்தாலும் பிழைப்பது கடினம்தான் என்றார் அவர். அக்கா அதை ஏற்கவில்லை. தொழிலாளர் குடிசைக்குப் போய், "தப்பு என்னுதுங்க. உங்க பேச்சு கொச்சைன்னு கேட்டே வளந்தவ நான். திருப்பிக் கேக்கத் தோணல" என்றார். இசக்கியம்மாள் முகம் கொடுக்கவில்லை. அக்கா ஞாயிறுதோறும் போனார். நான்காம் வாரம், "அவன் பேராவது தெரியுமா ஒனக்கு?" என்று அந்தத் தாய் கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை.

"முத்து."

அன்று இருவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். பிறகு நோவுக்கெல்லாம் தம் ஊரில் என்னென்ன சொல்வார்கள் என்று இசக்கியம்மாளே அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார். மேல் என்றால் உடம்பு, தடுமன் என்றால் சளி.

நான் ஆசிரியையான பின் ஒருநாள், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய மாணவி "எனக்கு ஏலாது டீச்சர்" என்றதை வீட்டில் சொல்லி, தோட்டக்காட்டுப் பேச்சு என்று சிரித்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவ பேச்சுக்கு நீ பேர் வைக்காத. ஏன் முடியலன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். ஒரு வாரமாக அவளுக்குக் காய்ச்சல்.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அக்கா தட்டிக்கழித்துவிட்டார். சிறுநீரகம் கெட்டுப் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். நாற்பத்தோரு வயதுகூட நிறையவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், சோறு கொண்டுவந்த பழைய டெலானிபூர் அண்டை வீட்டாருக்கும், தூக்கிச் சுமந்த ரங்கத் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா இறந்த அன்று ரங்கத்திலிருந்து படகில் வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் யார், என்ன உறவு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அவர்தான் இசக்கியம்மாள். அவர் கணவர் மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பாதவர். நானும் அன்று அவரை, "நீங்க ஏதாவது சாப்பிடுங்கம்மா" என்று எழுப்பப் பார்த்தேன். அவர் எழவில்லை.

"எம் பிள்ளய நெனச்சு அழ இந்தத் தீவுல எங்கூட ஒருத்தி இருந்தா. இனி நான் ஒத்தையிலதான அழணும்" என்றார்.

அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.