கிளிக் சத்தம் இல்லாத கியர்

ஏகாம்பரம் இறந்த செய்தி வந்தபோது, எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் அவருக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பத்தியில் இருந்தேன். நான்கு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, காலையில் போய்விட்டார் என்று அவர் மனைவி கஸ்தூரி அனுப்பியிருந்தார். எழுதியதை அழித்தேன். நல்ல பத்திகள்.

ஞாயிறுதோறும் அவரோடு ஓட்டிய உங்களுக்கு எங்கள் சண்டை தெரியும். மற்றவர்களுக்காக: அவருடைய பழைய சைக்கிளில் கியர் லீவர், ஃபிரேமின் சாய்ந்த குழாயில் இருக்கும். கிளிக் கிடையாது. குனிந்து, பல்சக்கரத்தில் செயின் உட்காரும்வரை விரலால் தேட வேண்டும். என்னுடையதும் பழசுதான்; ஆனால் கைப்பிடியை முறுக்கினால் போதும், கியருக்கு ஒரு கிளிக்.

பாரிவாக்கத்து அடுக்ககத்திலிருந்து வந்து குழுவில் புதிதாகச் சேர்ந்த என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம், "இன்னா சார், ஸ்கூட்டரா ஓட்டிக்கினு கீறீங்க?"

"குனியிற நேரம் லாரி வந்தா?" என்றேன்.

"லாரிக்காரன் பிரேக் போடுவான். உன் கிளிக்கு தேஞ்சா யாரு போடுவா?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு போல்ட்டுகளை அளந்து பார்த்தவர். உலகில் எல்லாம் தேயும், அவர் கருத்தைத் தவிர. ஒருமுறை டீக்கடையில் ஒரு நண்பர், கட்டைவிரலால் தள்ளும் லீவர்தான் இரண்டையும்விட நல்லது என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து அவரை அடக்கினோம். எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அது.

சென்ற ஆண்டு வேலப்பன்சாவடி மேம்பாலத்தில் பந்தயம் வைத்தோம். தோற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி ஏற்றத்தில் என் கைப்பிடி தேய்ந்த கிளிக்கைத் தாண்டி வழுக்கியது. அவர் எழுந்து நின்று மிதித்தார், ஒருமுறை குனிந்து லீவரைத் தொட்டார், போயேவிட்டார். மேலே மூச்சு வாங்க நின்றவர், "சத்தம் கேட்டுச்சா? கேக்கல இல்ல? அதான் கியரு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொள்ளும் நாளுக்குக் காத்திருந்தேன்.

பதினாறாம் நாள், பருத்திப்பட்டு வீட்டில் கஸ்தூரி சைக்கிளைக் காட்டினார்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. ஊட்ல ஓட்ட ஆளில்ல."

லீவரைத் தள்ளினேன். லீவர் மட்டும் நகர்ந்தது; பின்னால் எதுவும் அசையவில்லை.

"அது உள்ளார ஒயர் அறுந்து ரெண்டு வருசம் ஆவுதுண்ணா. மாத்துய்யான்னா, சைக்கிள் கடையில உங்க ஆளுங்கதான் நின்னுகினு இருப்பாங்களாம். பாரிவாக்கத்தான் பாத்தா உயிர எடுத்துடுவான்னுவாரு."

பாரிவாக்கத்தான் நான்தான். ஒயர் அறுந்தால் செயின் மிகக் கனமான கியரில் போய் நின்றுவிடும். மேம்பாலத்தை அந்த ஒரே கியரில் ஏறியிருக்கிறார். குனிந்து லீவரைத் தொட்டது, நான் பார்ப்பதற்காக. அத்தனை ஞாயிறும் நான் வாதாடியது, வேலை செய்யாத ஒரு லீவரோடு. துக்க வீட்டில் கத்த முடியாது. காபி குடித்தேன்.

மறுநாள் அதே கடையில், உங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, புது ஒயர் போட்டேன். அவர் சொன்னது பிழை என்று நிரூபிக்க வேறு வழி தெரியவில்லை. ஏரிக்கரையில் ஓட்டினேன். லீவரை விரலால் மெல்ல இழுக்க, செயின் சத்தமின்றி ஏறி உட்கார்ந்தது. ஒருமுறைகூட வழுக்கவில்லை. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது: அவர் சொன்னது சரி.

ஆக, ஏகாம்பரத்திடமிருந்து என்னிடம் இருப்பது அவருடைய சைக்கிளும், இப்போது அவருடைய கட்சியும். எதிர்த்துப் பேசத்தான் ஆளில்லை. கைப்பிடியை முறுக்குகிறவர் யாராவது இருந்தால், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரவும்.