ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ஃபிட்டர் பொன்னுரங்கத்தின் மகள் சிந்துஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டுமே! சிதம்பரத்து ஆய்வகம் ஒன்றில் மூன்று வருஷமாக ஒரே ஒரு ஈஸ்ட் ஜீனோடு மல்லுக்கட்டியவளுக்குக் கோபம்கூட வராவிட்டால் எப்படி?

செல்லுக்குள் மூச்சு வேலை பார்ப்பது மைட்டோகாண்ட்ரியா. தனக்கு வேண்டிய சில புரதங்களை அது தானே செய்துகொள்ளும். இந்த ஜீன் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்பது சிந்துஜாவின் கட்சி. அதை நிரூபிக்கத்தான் ஜீன் பழுதான ஈஸ்ட்டை பெங்களூரிலிருந்து வாங்கி ஃப்ரீசரில் உறையவைத்திருந்தாள். சூடு பட்டால் அது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வையே தொலைத்துவிடும். அப்புறம் நல்ல ஜீனைக் கொடுத்தாலும் தேறாது.

ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் திருநாவுக்கரசு, கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதோடு விட்டாரா மனுஷன்? “மெஷினுங்களும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று ஃப்ரீசரையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். லீவு முடிந்து அவள் வந்து திறந்தபோது உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது.

பதறிப்போய் எடுத்து வளர்த்துப் பார்த்தாள். சர்க்கரை போட்ட தட்டில் ஈஸ்ட் கொழுகொழுவென்று வந்தது.

“பாத்தியா, எல்லாம் உயிரோடதான் இருக்கு. அதுக்குள்ள என்னா குதி குதிச்ச!” என்று சிரித்தார் திருநாவுக்கரசு.

“மூச்சு விடத் தெரியாததுகூட சர்க்கரையில வளரும் சார். மூச்சு விட்டாதான் கிளிசரால்ல வளரும். அந்தத் தட்டப் பாருங்க.”

அதில் ஒரு புள்ளிகூட இல்லை. நல்ல ஜீனைக் கொடுத்துப் பார்த்தாள்; அப்போதும் வளரவில்லை.

“போன வருஷத்து தட்டு போட்டோ ஏதாச்சும் வெச்சி ஆராய்ச்சிய முடிச்சிடும்மா. யாரு பாக்கப் போறாங்க?”

சிந்துஜாவுக்கு உடம்பே பற்றி எரிந்தது. செய்ததும் செய்துவிட்டு, பொய் சொல்லவும் பாடம் நடத்துகிறாரே!

“அது வேற சோதனை சார். திருட்டு வேலையெல்லாம் என்னால ஆவாது.”

“சரி சரி, கத்தாத. பெங்களூருக்கே எழுதி மறுபடி வாங்கிக்க. கரண்ட் போச்சுன்னு எழுது.”

அவர் முன்னாலேயே உட்கார்ந்து மடமடவென்று மெயிலைத் தட்டினாள், அவருக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பினாள். அவர் போனும் ஒலித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ‘ஆயுத பூஜைக்காக என் வழிகாட்டி திருநாவுக்கரசு ஃப்ரீசரை அணைத்துவிட்டார்’ என்றிருந்தது.

“அடிப்பாவி, என் பேரையா போட்ட? என் மானமே போச்சே!”

“என் மூணு வருஷமும்தான் சார் போச்சு” என்றாள் சிந்துஜா.