போட்டோவில் இருந்த அப்பா

சென்ற வாரம் குழந்தைகள் காப்பகத்தில் என் சின்னவள் என்னிடம் வர மறுத்தாள். அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் சமயம். சில நாட்களாகவே இருட்டிய பிறகுதான் கூப்பிடப் போய்க்கொண்டிருந்தேன். நான் கையை நீட்டினேன். அவள் ஆயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கம் என்று ஆயா சமாதானம் சொன்னார். அன்றிலிருந்து என் தம்பியின் மூன்றாவது வயதுதான் நினைவில் சுற்றிச் சுற்றி வருகிறது.

அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போகும் வண்டி, அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் ஊர் திரும்பும். அம்மா விடிந்ததும் தறிப்பட்டறைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு அத்தை அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்றபடி ஏழு வயதில் அந்த வீட்டுக்கு நான்தான் பெரிய மனுஷி.

தம்பிக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோதான். வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா அவனைத் தூக்கி, "இதாரு சாமி?" என்பார். "அப்பா" என்று கண்ணாடியில் முத்தம் வைப்பான். வழித்த முகம், வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கண்ணாடியில் எப்போதும் எச்சில் தடம் இருக்கும்.

வண்டி வருகிற அன்று அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பண்டிகைக்கு முன் துணியை நெய்து தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். "நீ கூட்டிட்டுப் போயிக் காட்டு. உனக்கு அப்பாவத் தெரியுமில்ல?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வண்டி நிறுத்தும் இடத்தில் ரிக் வண்டியும் கம்ப்ரசர் லாரியும் புழுதி அடங்காமல் நின்றிருந்தன. இறங்கிய எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். தாடி, எண்ணெய்க் கறுப்பு, நிறம் தெரியாத சட்டை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி கையை உதறிக்கொண்டு ஓடினான். அங்கே மழுங்க வழித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் ஒருவர்தான். வேலையாட்கள் எல்லோரும் பயப்படும் மேனேஜர். அவர் கால்களைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றான்.

கூட்டம் சிரித்தது. "ஏனுங்க மேனேஜர், இத்தன நாளா எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றார் ஒரு டிரைவர். மேனேஜர் சிவந்த முகத்தோடு, தம்பியின் மூக்கிலிருந்து தம் பேண்டைக் காப்பாற்றப் பார்த்தார். சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். அப்படித்தான் எனக்கு அப்பாவை அடையாளம் தெரிந்தது.

அவர் எங்கள் பக்கம் வரவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, யாரிடமோ ரேசர் வாங்கி, லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து அவசர அவசரமாக வழித்துக்கொண்டார். தாடையில் வெட்டுப் பட்டு ரத்தம் கசிந்தது. துடைத்துக்கொண்டு வந்து தம்பியின் எதிரில் குத்தவைத்தார்.

"இப்பப் பாரு சாமி."

தம்பி வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பாவாடைக்குப் பின்னால் போய்விட்டான். போட்டோவில் இருந்தவருக்குக் கன்னம் இருந்தது. இவருக்கு எலும்புதான் இருந்தது.

அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் பிஸ்கட் வாங்கித் தந்தார். அவர் கையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்தால்தான் தம்பி தின்றான். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அப்பா நேராகப் பட்டறைக்குப் போனார்.

தறிச் சத்தத்தில் அங்கே எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எங்களைப் பார்த்ததும் அம்மா தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நின்றுவிட்டார். நலம் விசாரிக்கும் முன்பே அப்பா கத்தினார்:

"பய அப்பான்னு ஓடியாந்து காலக் கட்டிக்கிட்டான்."

பக்கத்துத் தறிக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, ஆள்தான் வேறு. மேனேஜர் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மாவின் கை என் தலைமேல் வந்து அழுத்தியது. அவர் கண் மட்டும் என் பின்னால் ஒளிந்து நின்ற தம்பியின் மேல் இருந்தது.

"அவனுக்குத் தெரியாமப் போயிருமுங்களா?" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து அவருடைய தறி நின்றது. நூல் அறுந்திருந்தது. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். பேசிக்கொண்டே, பார்க்காமலே முடிச்சுப் போடுகிறவர். அன்று அந்த ஓர் இழையோடு அவர் ஏன் அவ்வளவு நேரம் குனிந்தே இருந்தார் என்றும், அவசரம் என்று சொன்ன துணி அப்படியே கிடக்க, அப்பா ஏன் அவரைக் கூப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார் என்றும் எனக்கு விளங்கவில்லை. பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.